பல்தடமும் படிமமும்

படிமம் என்ற சொல்லை நாம் கவிதைக்குள்ளேயே வைத்துப் பழகிவிட்டோம். ஐம்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் அந்தச் சொல் படாத பாடு பட்டிருக்கிறது. நல்ல படிமம், வலிந்து செய்த படிமம், படிமமே இல்லாத கவிதை என்று எவ்வளவோ சண்டைகள். அந்தச் சண்டைகளில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆனால் நான் பிழைப்புக்காகச் செய்த வேலையில் படிமம் என்பது வேறு விஷயம். அதற்கு ஒரு எண் உண்டு, தேதி உண்டு, ஓரத்தில் ஓர் அளவுகோல் உண்டு. அதைப் பார்த்து ஒருவன் ஜெயிலுக்குப் போகலாம், இன்னொருவன் வீட்டுக்குப் போகலாம். இப்போது அதற்கு மூன்றாம் பரிமாணமும் வந்துவிட்டது என்பதால், இதைப் பற்றி நம் வட்டத்துக்குள் ஒரு தடவையாவது பேசிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் பிணவறையில் காமிரா பிடிப்பது என் வேலை. காயங்களைப் படமெடுப்பது. வெட்டு, குத்து, தீப்புண், கயிற்றுத் தடம், இவற்றோடு விலங்குக் கடி. கடி என்றால் பெரும்பாலும் நாய். எப்போதாவது கரடி, பன்றி. தண்ணீரில் கிடந்த உடலென்றால் மீனும் நண்டும். காயத்துக்குப் பக்கத்தில் ‘எல்’ எழுத்து மாதிரி மடங்கிய ஓர் அளவுகோலை வைப்போம். அதன் மூலைகளில் சின்னச் சின்ன வட்டங்கள் அச்சிட்டிருக்கும். படத்தில் வட்டம் வட்டமாகவே விழுந்தால் காமிரா நேராக நின்றிருக்கிறது; நீள்வட்டமாகிவிட்டால் சாய்ந்துவிட்டது, அந்தப் படத்திலிருந்து அளவெடுக்கக் கூடாது. எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்த அளவுகோல் தட்டை. மனிதன் தட்டை இல்லை. முன்னங்கையைச் சுற்றி ஒரு தாடை கவ்வியிருந்தால் பாதித் தடம் இந்தப் பக்கம் இருக்கும், பாதி அந்தப் பக்கம். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் ஒரு பாதியைத்தான் உண்மையான அளவில் காட்ட முடியும். மற்றப் பாதி சுருங்கி ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். எங்கள் டாக்டரம்மா சொல்வார்: “தம்பி, நீங்க எடுக்கிறது காயத்தோட நிழலத்தான். நாலு பக்கமும் எடுங்க, நாலு நிழலாவது கெடைக்கும்.”

நாயின் வாயைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பற்கள் மொத்தம் 42. முன்னால் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள்; மனிதனுக்கு அவை நான்கு, நான்கு. அவற்றுக்கு இரு புறமும் நீண்டு வளைந்த கோரைப்பற்கள். கன்னத்துப் பக்கத்தில், மேலும் கீழுமாக, கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் போல ஒன்றையொன்று உரசி மூடுகிற பெரிய பற்கள். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் ஆயுள் தண்டனை இதைச் சுற்றித்தான் நடந்தது. நாய் கடிக்கும்போது ஒரு பக்கத்துக் கோரைப்பல் இறங்கி நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அது தலையை உதறுகிறது. மற்றப் பற்கள் கிழிக்கின்றன. ஒரு துளை, பக்கத்தில் ஒரு கிழிசல். தடயவியல் புத்தகங்களில் நாய்க்கடிக்கு இதுதான் இலக்கணம்.

இலக்கணம் இருந்தால் பிழையும் இருக்கும். பிழைக்குப் பெரும்பாலும் காரணம் தோல். 1861-ல் வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்றியலாளர் ஒரு காரியம் செய்தார். உருண்டையான கூர்முனையால் பிணங்களின் தோலில் உடம்பெங்கும் துளைகள் போட்டுப் பார்த்தார். துளைகள் உருண்டையாக நிற்கவில்லை. தோலின் இழைகள் எந்தத் திசையில் இழுபட்டுக் கிடந்தனவோ அந்தத் திசையில் ஒவ்வொரு துளையும் நீண்டு பிளவாகிவிட்டது. உருண்டையான பல் குத்தினாலும் தோலில் நிற்பது கத்தி குத்தினாற்போன்ற ஒரு கீறல். கருவி சொன்னதைத் தோல் அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. தன் பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்கிறது. மூலத்தைப் பார்க்காதவன் மொழிபெயர்ப்பை மூலமென்று நம்பினால் என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குளத்தங்கரையில் விடியற்காலையில் ஒரு நடுவயதுக்காரர் இறந்து கிடந்தார். கழுத்திலும் தோளிலும் காயங்கள். அவருக்கும் அவர் அண்ணன் மகனுக்கும் வரப்புத் தகராறு இருந்தது. வெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். பையனை அழைத்துப் போய்விட்டார்கள். பரிசோதனை மேஜையில் டாக்டரம்மா காயத்தின் ஓரங்களைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. ஓரங்கள் மஞ்சளாக, காய்ந்த காகிதம் போல இருந்தன. ரத்தக்கசிவு இல்லை. உயிர் போன பிறகு ஏற்பட்ட காயங்கள். இதயத்தைத் திறந்தபோது சாவின் காரணமும் கிடைத்துவிட்டது, அடைப்பு. ஆனால் செத்தவனை வெட்டியிருக்கலாமே என்று கேட்கிற வக்கீல் எங்கும் உண்டு. பையனுக்கு ஜாமீன் மறுக்கப்பட்டு மூன்று வாரமாகியிருந்தது.

என் படங்கள் பதினெட்டும் சுத்தமான படங்கள். வெளிச்சம் சரி, அளவுகோல் சரி, வட்டங்கள் வட்டமாகவே இருந்தன. இருந்தும் அவற்றில் தெரிந்தவை நாலைந்து கீறல்கள், அவ்வளவே. கீறல் எவ்வளவு ஆழம், ஆழத்தில் எப்படிக் குறுகுகிறது என்பதைத் தட்டையான காகிதம் சொல்லாது. உடலைக் கொடுப்பதற்கு முன்பே டாக்டரம்மா இதை யோசித்திருந்தார். படமெல்லாம் எடுத்து முடிந்தபின், பல் வைத்தியரான தன் தோழியிடமிருந்து தாடை அச்செடுக்கிற பசையை வாங்கி வந்து காயங்களுக்குள் மெல்ல ஊற்றி, இறுகவிட்டு, உருவி எடுத்திருந்தார். வெளிவந்தவை கூம்புகள். கொஞ்சம் வளைந்த, முனை மழுங்கிய, ஜோடி ஜோடியான கூம்புகள். கத்தி இறங்கின இடத்தில் அப்படி ஒரு உருவம் கிடைக்காது. அவற்றைப் பார்த்துப் பிளாஸ்டரில் வார்த்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். நீதிபதி ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். வேறு யாரும் அதற்குப் பிறகு என் படங்களைக் கேட்கவில்லை. பையன் வெளியே வந்தான். வாசலில் அவனுடைய அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைப் பெத்த தாயி” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செத்துப் போனவர் அவளுக்குக் கொழுந்தன். அந்த அழுகை எதற்காக, யாருக்காக என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

முப்பரிமாணப் படிமம் என்ற வார்த்தையைப் பல வருஷங்களுக்குப் பிறகு முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு அந்தப் பிஸ்கட் டப்பாதான் நினைவுக்கு வந்தது.

இப்போது பசையும் பஞ்சும் வேண்டாம். காயத்தின் மேல் ஒரு கருவி கோடுகோடாக ஒளியை வீசுகிறது. சமதளத்தில் நேராக விழும் கோடு, மேடுபள்ளத்தில் வளைகிறது. இரண்டு காமிராக்கள் அந்த வளைவைப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகின்றன. லட்சக்கணக்கான புள்ளிகள், புள்ளிகளாலேயே ஆன ஒரு கை, ஒரு கழுத்து. வேறொரு வழியும் உண்டு. சாதாரணப் படங்களையே பல கோணங்களில் எடுத்து, அவற்றில் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கொண்டு உருவத்தைக் கட்டுவது. (டாக்டரம்மாவின் நாலு நிழல்களும் கூடி உருவமாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.) தோலுக்குக் கீழே இருப்பதை ஸி.டி. ஸ்கான் காட்டும்: பல் இறங்கின வழி, திசுவுக்குள் புகுந்த காற்று, குழந்தையின் மண்டையோட்டில் கோரைப்பல் அமுக்கின குழி. சந்தேகப்படும் நாயின் தாடையை அச்செடுத்து அதையும் இதே மாதிரி புள்ளிகளாக்கி, திரையில் காயத்தின் மேல் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம், திருப்பலாம், வாயைத் திறந்து மூடலாம்.

இந்த வேலையில் முன்னோடிகள் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்துக்காரர்கள். ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி என்ற இருவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் தொண்ணூறுகளின் கடைசியில் பிரேதத்தை அறுக்காமல் பரிசோதிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பல்தடங்களை இம்முறையில் ஒப்பிடுவது பற்றி 2003-ல் எழுதினார்கள். தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2021-ல் அறுக்காத பரிசோதனைக்கு ஒரு கூடம் திறந்தார்கள். இதில் என்னைப் பிடித்துக்கொண்டது கருவி இல்லை, பெர்ன்காரர்கள் வைத்த பெயர். ஆட்டாப்ஸி என்ற சொல்லுக்கு கிரேக்க மூலத்தில் ‘தானே பார்ப்பது’ என்று பொருள். அதிலிருக்கிற ‘ஆட்டோஸ்’ என்ற ‘தான்’தான் சிக்கல், பார்க்கிறவனுடைய மனச்சாய்வு அதில் ஏறிவிடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். ‘தானை’ வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ‘விர்ச்சுவல்’ என்பதில் பாதியைப் போட்டு விர்ட்டாப்ஸி என்று பெயரிட்டார்கள். பார்ப்பவன் இல்லாத பார்வை. நம்மில் சிலர் விமர்சனத்திலும் இதைத்தான் வெகுநாளாகத் தேடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல நான் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும்.

1980 ஆகஸ்ட் 17 இரவு. பாலைவனத்தின் நடுவே, அப்போது வெள்ளைக்காரர்கள் ஏயர்ஸ் ராக் என்று அழைத்துவந்த உலுரு பாறையின் அடிவாரத்தில், சுற்றுலா வந்தவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். லிண்டி சேம்பர்லெய்ன் என்ற தாய், தன் ஒன்பது வாரக் குழந்தை அஸாரியாவை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போய்விட்டதாக அலறினாள். குழந்தையின் உடல் கிடைக்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து அதன் உடுப்பு கிடைத்தது, ரத்தக்கறையோடு. 1981 பிப்ரவரியில் முதல் மரண விசாரணை, டிங்கோதான் என்று சொல்லி முடித்தது. அதற்குப் பிறகு உடுப்பு லண்டனுக்குப் போயிற்று.

லண்டனில் ஜேம்ஸ் காமரன் என்ற பேர்பெற்ற தடயவியல் பேராசிரியர் அதைப் பார்த்தார். புற ஊதா ஒளியில் எடுத்த படங்களில், துணியின் முதுகுப்பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு சிறிய கையின் தடம் அவருக்குத் தெரிந்தது. கழுத்தை அறுத்த கறை என்றார். துணியில் இருந்த கிழிசல்கள் பல்லால் ஆனவை இல்லை, கத்தரித்தவை என்று நெசவு நிபுணர் சொன்னார். நூல்முனைகள் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டிருக்கின்றன, சிறு குச்சங்கள் உதிர்ந்திருக்கின்றன, பல் அப்படிச் செய்யாது. அவர்களுடைய காரில் பச்சைக் குழந்தையின் ரத்தம் இருந்ததாக ஸிட்னி ஆய்வுக்கூடம் சொன்னது. இதற்கெல்லாம் மேலே, அந்தத் தாய் டெலிவிஷனில் போதுமான அளவு அழவில்லை. அவள் சேர்ந்திருந்த சபை பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத ஒன்று. குழந்தையின் பெயருக்கு ‘பாலைவனத்தில் பலி’ என்று அர்த்தம் என ஒரு பொய் நாடெங்கும் சுற்றியது. 1982 அக்டோபர் 29-ல் டார்வின் நகரத்தில் ஜூரிகள் அவளைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை. அடுத்த மாதம் அவளுக்கு இன்னொரு பெண் குழந்தை பிறந்தது, காவலில்.

1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து செத்த ஒரு பயணியின் உடலைத் தேடியவர்கள், மண்ணில் பாதி புதைந்த ஒரு சிறு மேலங்கியைக் கண்டார்கள். குழந்தை அதைத்தான் மேலே போட்டிருந்தது என்று தாய் முதலிலிருந்தே சொல்லிவந்தாள், யாரும் நம்பவில்லை. துணியில் டிங்கோவின் எச்சில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அந்த மேலங்கிதான் பதில். சில நாட்களில் அவளை விட்டார்கள். நீதிபதி மார்லிங் தலைமையில் நடந்த விசாரணைக் கமிஷன் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தது. கைத்தடத்தில் ரத்தம் என்று கொண்டதில் பெரும்பகுதி அந்த ஊர்ச் செம்மண். காரில் இருந்தது, தொழிற்சாலையில் ஒலி அடக்குவதற்காகத் தெளித்த தார்க்கலவை. நாய்ப்பற்களை வைத்துத் துணியைச் சோதித்தபோது, நூல்முனைகள் வெட்டினாற்போலவே அறுந்தன, குச்சங்களும் உதிர்ந்தன. காட்டுநாயின் வாயிலேயே ஒரு கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. 1988-ல் தண்டனைகள் ரத்தாயின. குழந்தையைக் கொன்றது டிங்கோ என்று ஒரு மரண விசாரணை அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட 2012 ஜூன் வரை ஆயிற்று.

காமரனுக்கு வேண்டியிருந்தது இன்னொரு பரிமாணமா? முப்பரிமாணக் கருவி அவரிடம் இருந்திருந்தால் அந்தக் கைத்தடத்தை முப்பரிமாணத்தில் பார்த்திருப்பார், அவ்வளவுதான். நாலு விரல்களுக்கும் வண்ணம் பூசி, சுழற்றிக் காட்டி, ஜூரிகளை இன்னும் சீக்கிரம் நம்ப வைத்திருப்பார்கள். பார்ப்பவன் தன்னோடு கொண்டுவருவது எந்தப் பரிமாணத்திலும் சேராது.

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் மிஸிஸிப்பியில் நடந்தது. 1992-ல் மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஓடையில் பிணமாகக் கிடந்தது. உடம்பெங்கும் சிறு தடங்கள். ஒரு பல் நிபுணர் அவற்றில் பத்தொன்பதை மனிதப் பற்கள் என்றார். கென்னடி ப்ரூவர் என்பவரின் மேல்வரிசைப் பற்கள் என்றார். கீழ்வரிசை ஏன் பதியவில்லை என்ற கேள்வி ஜூரிகளை உறுத்தவில்லை போலிருக்கிறது. அவை பூச்சி கடித்தவை என்று எதிர்த்தரப்பு நிபுணர் சொல்லிப் பார்த்தார். 1995-ல் மரண தண்டனை. 2001-ல் மரபணுச் சோதனை ப்ரூவரை விலக்கிற்று. முழுவதுமாக விடுபட 2008 ஆயிற்று. தடங்கள் ஓடையின் பூச்சிகளும் இறால் ஜாதிப் பிராணிகளும் செய்தவையாகத்தான் இருக்க வேண்டும். டார்வினில் மிருகத்தின் பல்லை மனிதக் கையாக வாசித்தார்கள். இங்கே பிராணிகளின் வாயை மனிதப் பல்லாக வாசித்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரு மனிதன் வேண்டியிருந்தான். மனிதன் இல்லாத கதை கோர்ட்டில் எடுபடுவதில்லை.

கருவிக்காரர்கள் ஒரு பதில் சொல்வார்கள்: இப்போது ஒப்பிடுவது கண் இல்லை, கணக்கு. காயத்தையும் தாடையையும் பொருத்தி, ஒட்டுகிற இடத்தைப் பச்சையாகவும் விலகுகிற இடத்தைச் சிவப்பாகவும் அது காட்டுகிறது. அழகான படங்கள். ஆனால் பொருத்தச் சொன்னால் கணக்கு பொருத்தும். எந்த நாயின் தாடையைக் கொடுத்தாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவாகும்படி தள்ளித் திருப்பி வைத்துத் தரும். ‘இது அந்த நாய் இல்லை’ என்று தானாகச் சொல்லாது. எவ்வளவு பச்சை போதும் என்று தீர்மானிப்பவன் அதே பழைய ‘தான்’. அது மட்டுமில்லை. கருவி அளப்பது மேஜையில் ஓய்ந்து கிடக்கும் தோலை. கடித்த நேரத்தில் கை ஓங்கியிருந்தது, உடம்பு முறுக்கியிருந்தது, நாய் உதறிக்கொண்டிருந்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சுத்தமாக அளந்தாலும், அளக்கப்படுவது அந்தக் கணம் இல்லை. மனிதப் பல்தடங்களைப் பற்றி அமெரிக்க அரசின் அளவைக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது: பற்களின் அமைப்பு தோலில் சரியாகப் பதிகிறது என்பதற்கு ஆதாரம் போதாது. ‘இந்த நாய்தான்’ என்று சொல்ல வேண்டுமானால் காயத்தில் இருக்கும் எச்சிலைப் பஞ்சில் ஒற்றி மரபணு பார்ப்பது மேல்.

அப்படியானால் எதற்கு இந்த மூன்றாம் பரிமாணம்? எங்கள் பிஸ்கட் டப்பா எதற்குப் பயன்பட்டதோ அதற்கு. கூம்பா, கீறலா? கத்தியா, பல்லா? சின்னக் கேள்விகள். கோரைப்பற்களுக்கு இடையேயுள்ள தூரத்தை வளைந்த தோலின் மேல் வளைவோடு அளக்கலாம். இத்தனை சிறிய வாய் இத்தனை பெரிய தடத்தைச் செய்திருக்க முடியாது என்று ஒரு நாயை, ஒரு மனிதனை விலக்கலாம். சேர்ப்பதைவிட விலக்குவதில் அதற்குத் திறமை அதிகம்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சேம்பர்லெய்ன் வழக்கில், ரத்தச் சோதனை செய்த தகடுகளை அந்த ஆய்வுக்கூடம் தன் வழக்கப்படி அழித்துவிட்டிருந்தது. எதிர்த்தரப்பு நிபுணர்கள் கேட்டபோது பார்க்க ஒன்றுமில்லை. பார்த்தவர் சொன்ன சொல் மட்டும் இருந்தது. உடுப்பு மிஞ்சியிருந்தது. அதனால்தான் அதை மறுபடி எடுத்துப் பார்க்க முடிந்தது, செம்மண்ணைச் செம்மண் என்று சொல்ல முடிந்தது. உடல் எரிந்துவிடும், புதைந்துவிடும், தையல் போட்டால் காயம் மாறிவிடும். எங்கள் பிளாஸ்டர் கூம்புகள் கோர்ட்டின் பொருள் அறையில் எங்கோ தொலைந்துபோயின. என் நெகடிவ்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. புள்ளிகளாலான கழுத்து கெடாது. இருபது வருஷம் கழித்து, முதலில் பார்த்தவரை நம்பாத ஒருவர் அதைத் திறந்து, வேறு பக்கத்திலிருந்து பார்க்கலாம். ‘தானை’ வெட்டி எறிய வேண்டியதில்லை. இன்னொரு ‘தானுக்கு’ இடம் விட்டால் போதும். அதற்கு அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் முழுசாகக் கொடுப்பார்களா அல்லது தேர்ந்தெடுத்த நாலு வண்ணப் படங்களை அச்சடித்துத் தருவார்களா என்று கேட்க வேண்டும். ஸ்கானர் வாங்கிவிட்டதாகப் பெருமைப்படும் நண்பர்களிடம் நான் இதைக் கேட்கிறேன். அவர்கள் ஸ்கானரின் விலையைச் சொல்கிறார்கள்.

உலுருவில் முதல் இரவே ஒரு முப்பரிமாணப் பதிவு இருந்தது. பூங்காவின் தலைமைக் காவலரும் அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்களில் ஒருவரும் டார்ச் வெளிச்சத்தில் டிங்கோவின் காலடிகளைத் தொடர்ந்து மணல்மேட்டில் போனார்கள். எதையோ இழுத்துப்போன தடம். ஓரிடத்தில் அந்த மிருகம் சுமையைக் கீழே வைத்திருக்கிறது. அங்கே மணலில் பின்னல் துணியின் நெசவு பதிந்திருந்தது. மணல், தோலைப் போல, ஒன்றையும் இழுத்து நீட்டுவதில்லை. அனங்கு தடம் பார்ப்பவர்கள் அது என்னவென்று அப்போதே வாசித்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் சான்றிதழ் இல்லை. அவர்கள் வாசிப்பை கமிஷன் மொழிபெயர்ப்பாளர் மூலம் உட்கார்ந்து கேட்க ஆறு வருஷமாயிற்று. அந்த நெசவின் அச்சு எதுவும் டார்வின் கோர்ட்டுக்கு வரவில்லை. அன்றிரவு குழந்தையைத் தேடி முன்னூறு பேர் கைகோத்து அந்த மணலில் நடந்தார்கள்.